மண்ணுக்கு எந்த மரம்? சருகைச் சோதித்துத் தோப்பு வைக்கும் முறை

ஒரே செம்மண்ணில், ஒரே ஆண்டில் நட்ட வாகையடியிலும் தைலமரத்தடியிலும் மண்வெட்டியைப் போட்டுப் பாருங்கள். வாகையடியில் சருகை விலக்கினால் கருத்து, பொலபொலவென்று உதிரும் மண் வரும். தைலத்தடியில் போன வருடத்துச் சருகும் அதற்கு முந்தைய வருடத்துச் சருகும் அடுக்கடுக்காகக் கிடக்கும். அடியில் இருப்பது வெளிறிய மண். கோடையில் அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் உடனே உள்ளிறங்காமல் முத்து முத்தாக உருளும். பெய்த மழை ஒன்றுதான், அடிப்பாறையும் ஒன்றுதான். மேலிருந்து விழுந்ததும் கீழே வேர் செய்ததும்தான் வேறு.

இங்கே சொல்வது 600 முதல் 900 மில்லிமீட்டர் மழை பெறும் தமிழகச் சமவெளிக்கு, முக்கியமாகச் செம்மண் மானாவாரி நிலங்களுக்கு. மலைப்பகுதிக்குக் கணக்கு மாறும். அது தனியே வருகிறது.

முதலில் தழையும் சருகும் ஒன்றல்ல என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இலையை உதிர்ப்பதற்கு முன் மரம் அதிலுள்ள தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) ஏறத்தாழ பாதியைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச்சத்தை (கால்சியம்) அப்படி இழுக்க முடியாது. இலைக்குள் ஒருமுறை போனது அங்கேயே தங்கி, சருகோடு தரைக்கு வருகிறது. ஆகவே மரத்திலிருந்து தழைச்சத்து வேண்டுமென்றால் பச்சையில் வெட்டிப் போட வேண்டும். சுண்ணாம்பு வேண்டுமென்றால் தானாக விழுவதைத் தொடாமல் விட வேண்டும். புங்கந்தழையில் உலர் எடைக்கு 3.3 சதவீதம், வேம்பிலும் கிளைரிசிடியாவிலும் 2.8 சதவீதம் அளவுக்குத் தழைச்சத்து என்று வேளாண் கையேடுகளில் படிப்பதெல்லாம் பச்சைத்தழைக்கான கணக்கு. அதே மரத்தின் பழுத்துதிர்ந்த சருகுக்கு அந்த எண்ணைப் போட்டால் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

இலையைக் கையிலேயே சோதிப்பது

ஆய்வுக்கூடம் போகும் முன் மூன்று சோதனைகள் செய்யலாம். அரை நாள் போதும்.

இலையைக் குறுக்கே கிழியுங்கள். வாழையிலை போலச் சட்டென்று கிழிந்தால் நார்ப்பொருள் குறைவு, சீக்கிரம் மக்கும். நார் இழுத்துக்கொண்டு, மடித்தால் ஒடிகிற மாதிரி இருந்தால் (முந்திரி, மா, முற்றிய தேக்கு) மெதுவாகத்தான் மக்கும்.

அடுத்தது துவர்ப்பு. தின்னக்கூடியது என்று உறுதியாகத் தெரிந்த இலையாக இருந்தால் மட்டும் நுனியைக் கடித்துத் துப்பிப் பார்க்கலாம். அரளி, எருக்கு, பெயர் தெரியாத செடி எதையும் வாயில் வைக்கவே கூடாது. நாக்குக்குப் பதிலாக அன்னபேதி (இரும்பு சல்பேட்) இருக்கிறது. கடுக்காயோடு சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே சரக்கு. 10 கிராம் இலையைக் கசக்கி 100 மில்லி வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை அன்னபேதி போடுங்கள். நீர் கருநீலமாக மாறினால் துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. அது இலையிலுள்ள புரதத்தைக் கட்டிப்போடும். அதனால் தழைச்சத்து இருந்தும் மண்ணுக்கு உடனே கிடைக்காது. ஒரே தட்டில் ஐந்தாறு மரத்து வடிநீரை வரிசையாக வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். இரும்புப் பாத்திரம் வேண்டாம். அதன் இரும்பே நிறத்தை மாற்றிவிடும்.

மூன்றாவது, வேரைத் தோண்டிப் பார்ப்பது. காய் காய்க்கும் அவரைக் குடும்பத்து மரமெல்லாம் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அதை நம்பிப் புளியையும் சரக்கொன்றையையும் நட்டு ஏமாந்த தோப்புகள் நிறைய. புளி, சரக்கொன்றை, சீமைக்கொன்றை ஆகியவற்றின் வேரில் முடிச்சு வராது. வாகை, புங்கம், கிளைரிசிடியா, சூபாபுல், கருவேலம், வேங்கை, சிசு (சீஷம் மரம்) ஆகியவற்றுக்கு வரும். மழை பெய்து மூன்று வாரம் கழித்து, இளமரத்தின் அடியில் 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் சல்லிவேரை உடையாமல் எடுத்துக் கழுவுங்கள். முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் வேலை நடக்கிறது. பச்சை, சாம்பல், பழுப்பு நிறம் என்றால் ஓய்ந்துபோன முடிச்சு. நூற்புழு தாக்கிய வேரும் முடிச்சு முடிச்சாகத்தான் தெரியும். ஆனால் அது வேரே வீங்கியது, தேய்த்தால் வராது. நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் கழன்று வரும்.

சவுக்கு அவரைக் குடும்பம் இல்லை, ஆனாலும் தழைச்சத்தைப் பிடிக்கிறது. அதன் வேரில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் தங்கி, பவளக்கொத்து போன்ற கடினமான முடிச்சை உண்டாக்கும். நிறம் பார்த்துத் தீர்மானிக்கும் முறை இதற்குச் சரிவராது. கொத்து இருந்தாலே போதும்.

சருகுப்பை: எத்தனை நாளில் மக்குகிறது?

மேலே சொன்ன மூன்றும் குறிப்பு காட்டும், அவ்வளவுதான். உங்கள் நிலத்தில் உண்மையில் என்ன வேகம் என்பதைச் சருகுப்பை சொல்லிவிடும். செலவு வலைத் துணிக்கு ஆவதுதான்.

20 சென்டிமீட்டர் சதுரத்தில் நைலான் வலைப்பைகள் தையுங்கள். கண் 2 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஒரு மரத்துக்கு 12 பை. புதிதாக உதிர்ந்த சருகை வெயிலில் மூன்று நாள் காயவைத்து, எடை மாறாமல் நின்றபின் பைக்கு 10 கிராம் நிறுத்துப் போட்டு வாயைத் தையுங்கள். எண்ணெழுதிய அலுமினியத் தகடு ஒன்றையும் கட்டிவிடுங்கள், காகிதச் சீட்டு ஒரு மாதம் தாங்காது. ஐப்பசி மழை தொடங்கும்போது எல்லா மரத்துப் பைகளையும் ஒரே இடத்தில், தரையோடு ஒட்டும்படி முளைக்குச்சி அடித்து வையுங்கள். ஒவ்வொரு மரத்தின் பையையும் அந்தந்த மரத்தடியில் வைத்தால் இலையின் வேறுபாடா, நிழல் ஈரத்தின் வேறுபாடா என்று பிரிக்க முடியாமல் போகும்.

30, 60, 120, 180 நாள்களில் மூன்று மூன்று பையாக எடுங்கள். ஒட்டிய மண்ணைத் தூரிகையால் தட்டி, முன்போலவே காயவைத்து நிறுக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. இரண்டு கிராம் மணல் ஒட்டியிருந்தால், பாதி மக்கிய சருகு மக்காதது போலக் காட்டும். சந்தேகமாக இருந்தால் வாளித் தண்ணீரில் ஒரே ஒரு முக்கு முக்கி எடுத்துக் காயவையுங்கள். ஊறவைத்தால் கரையும் சத்து போய்விடும்.

மழைக்காலத்தில் கிளைரிசிடியாத் தழை மூன்று நான்கு வாரத்திலேயே பாதியாகிவிடும். தைலமும் சவுக்கு ஊசியும் ஆறு மாதம் கழிந்தும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். 2 மில்லிமீட்டர் கண் வழியாகக் கரையானும் பெரிய மண்புழுவும் அவ்வளவாக நுழையாது. வறண்ட நிலத்தில் சருகைத் தின்று தீர்ப்பதில் பெரும்பங்கு கரையானுக்குத்தான். ஆகவே மூன்று பையை மட்டும் 5 மில்லிமீட்டர் கண்ணில் தைத்துப் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி கரையான், புழுக்களின் கணக்கு.

வேகமாக மக்குவதே நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். வேகமாக மக்கும் இலை உரம், மெதுவாக மக்கும் இலை போர்வை. சித்திரை வெயிலில் தரையை மூட கிளைரிசிடியாவால் ஆகாது. அதற்குத் தேக்கும் மூங்கிலும்தான் வேண்டும்.

மண்ணை அளப்பது

ஒவ்வொரு இனத்துக்கும் குறைந்தது மூன்று மரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஒரே வயது, ஒரே மேடுபள்ளம். தண்டுக்கும் கிளை விளிம்புக்கும் நடுவே, நான்கு திசையிலும், சருகை விலக்கிவிட்டு 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவக் குழி எடுத்து, பக்கச்சுவரை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் செதுக்கியெடுங்கள். நான்கையும் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ ஆகும்வரை குறைக்கவும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுங்கள். தண்டிலிருந்து கிளை விளிம்பு எவ்வளவு தூரமோ அதைப்போல் இரு மடங்கு தள்ளி, வெட்டவெளியில் ஒரு மாதிரி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் எடுத்த எண் எதையும் சொல்லாது.

மாடு கட்டும் மரம், ஆடு படுக்கும் நிழல், குப்பை எரித்த இடம், கரையான் புற்றுக்கு இரண்டு மீட்டருக்குள் இருக்கும் இடம் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கிராமத்து வேம்படி மண் வளமாக இருப்பதற்கு வேம்பைவிட அங்கே அசைபோடும் மாடுதான் பல சமயம் காரணம்.

மண் பரிசோதனை நிலையத்தில் பி.எச். (மண்ணின் புளிப்பு, கார அளவு), உப்பின் நிலை, அங்ககக் கரிமம் (மக்கிய பொருளிலுள்ள கார்பன்), தழை மணி சாம்பல் சத்துகள் கேளுங்கள். கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேல் அதிகம். ஆனால் சதவீதத்தை மட்டும் நம்பினால் மரத்துக்கு அளவுக்கு மீறிப் புகழ் போய்ச் சேரும். மரத்தடி மண் இளகியிருக்கும், அதே ஆழத்தில் மண்ணின் எடை குறைவு. உள்விட்டம் 5 சென்டிமீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர் உள்ள இரும்புக் குழாய்த் துண்டைத் தரையில் அடித்து இறக்கி, நிறைந்த மண்ணோடு எடுத்து, இருபக்கமும் கத்தியால் சமன்செய்து, காயவைத்து நிறுங்கள். குழாயின் கொள்ளளவு 196 கன சென்டிமீட்டர். வெட்டவெளி மண் 265 கிராம் நின்றால் அடர்த்தி 1.35. மரத்தடி மண் 235 கிராம் என்றால் 1.2. கரிமச் சதவீதத்தை அடர்த்தியாலும் ஆழத்தாலும் (சென்டிமீட்டரில், இங்கே குழாயின் 10) பெருக்கினால் எக்டேருக்கு எத்தனை டன் என்று வந்துவிடும். வெளியே 0.6 சதவீதமும் மரத்தடியில் 0.9 சதவீதமும் வந்ததாக வைத்துக்கொள்வோம். வெளியே 0.6 × 1.35 × 10, அதாவது 8.1 டன். மரத்தடியில் 0.9 × 1.2 × 10, அதாவது 10.8 டன். சதவீதத்தைப் பார்த்தால் ஒன்றரை மடங்கு, உண்மையில் கூடியது மூன்றில் ஒரு பங்கு.

மண்புழுவை எண்ணாமல் விடாதீர்கள். கார்த்திகையில், காலை வேளையில், 25 சென்டிமீட்டர் சதுரம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைச் சாக்கில் அள்ளிப் போட்டுக் கையால் பிரித்து எண்ணி, 16ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு ஆகும். போலந்தில் 14 மர இனங்களை ஒரே மண்ணில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் நட்டு, முப்பது ஆண்டுக்குப் பின் பார்த்தபோது, சுண்ணாம்புச்சத்து மிகுந்த சருகு விழுந்த இடங்களில் மண்புழு அதிகமாகவும் மண்ணின் புளிப்புத்தன்மை (அமிலத்தன்மை) குறைவாகவும் இருந்தன. குளிர்நாட்டுக் கதை என்றாலும் இயக்கம் நமக்கும் அதுதான். புழு சருகை இழுத்து மண்ணோடு கலக்கும். புழு இல்லாத இடத்தில் சருகு மேலேயே மெத்தையாகத் தங்கிவிடும்.

மரங்களைப் பற்றி

*ஆல், அரசு, அத்தி.* இலைக்குள்ளேயே சுண்ணாம்புப் படிகம் வைத்திருக்கும் குடும்பம். மண் புளிப்பைத் தணிக்கும். நெருக்கி நட இடம் போதாது. வேலி மூலைக்கு ஒன்று போதும்.

*வேம்பும் தேக்கும்.* இரண்டின் சருகிலும் சுண்ணாம்புச்சத்து உண்டு. வேம்பில் குறைசொல்ல ஒன்றுமில்லை. தேக்கில் சிக்கல் இரண்டு. அகன்ற இலையில் மழைத்துளி சேர்ந்து பெருந்துளியாகி உயரத்திலிருந்து விழும்போது, திறந்தவெளி மழையைவிடக் கடுமையாக மண்ணைக் குத்தும். கீழே புல்லோ சருகோ இல்லாவிட்டால் தேக்கந்தோப்பில் அரிப்புதான். அடுத்தது தீ. தை மாசியில் விழும் சருகு பங்குனிக்குள் பொரி போலக் காய்ந்துவிடும்.

*தைலமரம்.* எண்ணெயும் துவர்ப்பும் சேர்ந்து மக்குவதைத் தடுக்கின்றன. மண்ணைக் கெடுக்கும் மரம் என்று மொத்தமாகத் திட்டுவது மிகை. அடிமரத்தோடு பட்டை, கிளை, இலை எல்லாவற்றையும் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை அள்ளிக்கொண்டு போவதுதான் பெரிய இழப்பு. அதன் பட்டையில் சுண்ணாம்புச்சத்து நிறைய. வெட்டும் இடத்திலேயே பட்டையை உரித்துப் பரப்பிவிட்டுக் கட்டையை மட்டும் ஏற்றினால் பாதி வழக்கு முடிந்தது.

*சவுக்கு.* மணலிலும் வளரும், தழைச்சத்தும் பிடிக்கும். ஆனால் தூர் வரை பறித்து விறகாக்கினால், பிடித்து வைத்ததெல்லாம் லாரியில் போய்விடும்.

*வேலிக்கருவை (சீமைக்கருவேலம்).* இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் அதன் அடியில் கரிமமும் தழைச்சத்தும் கூடுகின்றன, களர் மண்ணின் (காரத்தன்மை மிகுந்த மண்) பி.எச். இறங்குகிறது. ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனம், களர்நிலத்துச் சுண்ணாம்புப் பாளத்தைத் துளையிட்டு வேலிக்கருவையும் கருவேலமும் நட்டு நிலத்தை மீட்கும் முறையையே வகுத்திருக்கிறது. மண் வளமானாலும் கீழே வேறு செடி முளைக்க அது விடாது, பக்கத்து நிலத்துக்கும் பரவும் என்பதால் புதிதாக நடுவதற்கு இல்லை. ஏற்கெனவே நிற்கும் இடத்தில் தூரோடு எடுத்தபின் முதல் மழைக்கே வேறு பயிர் வைத்துவிடுங்கள். அது சேர்த்த வளம் வீணாகாது.

மலைக்கு வந்தால் கணக்கு தலைகீழ். நீலகிரியிலும் பழனி மலையிலும் பரவிய வாட்டில் மரம் (வெளிநாட்டிலிருந்து வந்த, தழைச்சத்து பிடிக்கும் அகேசியா இனம்), இயல்பாகவே தழைச்சத்து குறைந்த புல்வெளியில் அதைக் கொண்டுபோய்க் குவிக்கிறது. அந்த மண்ணில் பழைய மலைப்புல்லைவிடக் களைகள்தான் முந்திக்கொள்கின்றன. வளம் கூட்டுவது புல்வெளிக்கு உதவி ஆகாது. தழைச்சத்து பிடிக்கும் மரங்கள் நாளடைவில் மண்ணைப் புளிக்கவும் வைக்கும். களரில் அது மருந்து, ஏற்கெனவே புளித்த மலைமண்ணில் அது கேடு.

ஒரு ஏக்கர் நடவு

4 மீட்டர் இடைவெளியில் 16 வரிசை, வரிசைக்கு 16 குழி, மொத்தம் 256. ஒற்றைப்படை வரிசை எட்டிலும் விற்பனை மரம்: தேக்கு, மலைவேம்பு, மகாகனி என உங்கள் சந்தைக்கு ஏற்றது. இரட்டைப்படை வரிசைகளில் தழைச்சத்து பிடிக்கும் மரம் ஒன்று (வாகை, புங்கம், வேங்கை), நாட்டுமரம் ஒன்று (வேம்பு, பூவரசு, நாவல், இலுப்பை) என மாற்றி மாற்றி. இப்படி வைத்தால் ஒவ்வொரு விற்பனை மரத்துக்கும் கைக்கெட்டும் தூரத்தில் முடிச்சுள்ள வேர் இருக்கும். சருகும் ஒரே மாதத்தில் மொத்தமாக விழாமல் பிரிந்து விழும். சந்தனம் வைப்பவர்கள் அதைத் தழைச்சத்து மரத்தை ஒட்டியே வைக்க வேண்டும். பக்கத்து வேரில் உறிஞ்சிப் பிழைப்பது அது.

குழி இரண்டடி ஆழ அகலம். 10 கிலோ மக்கிய தொழுவுரம், 100 கிராம் சூப்பர் பாஸ்பேட். மணிச்சத்து குறைந்த மண்ணில் இதை விட்டுவிட்டால் முடிச்சு சரியாக உருவாகாது. நாற்றங்கால் பைக்குள் அதே இனத்துப் பழைய மரத்தடி மண் ஒரு கைப்பிடி சேருங்கள், அதற்குரிய நுண்ணுயிர் அதில் இருக்கும். சவுக்குக்கு, நல்ல தோப்பிலிருந்து புதிய முடிச்சுக்கொத்தை எடுத்துக் கழுவி, அரைத்து நீரில் கரைத்து நாற்றுப் பைகளில் ஊற்றலாம். காய்ந்த முடிச்சு பயன்படாது.

வேலி ஓரம் சுற்றளவு 256 மீட்டர். அதில் மீட்டருக்கு ஒரு கிளைரிசிடியாப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு), நாலைந்தடி நீளத்தில், ஒரு அடி ஆழத்தில். முதல் வெட்டு ஒரு வருடம் கழித்து, பிறகு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, இடுப்புயரத்தில். போத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ பச்சைத்தழை என்று குறைத்தே வைத்தாலும் 1,280 கிலோ. அதில் உலர்ந்த பொருள் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 256 கிலோ. தழைச்சத்து 2.8 சதவீதத்தில் 7 கிலோ, அதாவது 15 கிலோ யூரியாவுக்குச் சமம். இவ்வளவுதானா என்று தோன்றும். யூரியாவோடு கரிமம் வருவதில்லை என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். வெட்டிய தழையை மழைக்கு முன்னால் மரத்தைச் சுற்றி, தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டு, மேலே தேக்குச் சருகையோ மூங்கில் சருகையோ மூடாக்காகப் பரப்புங்கள். தழையை வெயிலில் விரித்துப்போட்டால் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும்.

நான்காம் வருடத்துக்குமேல் வாகை விரிந்து விற்பனை மரத்தை மறைக்கத் தொடங்கும். பாதிக் கிளையைக் கவாத்து செய்து கீழேயே போடுங்கள். வெட்டியதும் அதன் சல்லிவேரும் முடிச்சும் ஓரளவு மடியும், அடிமண்ணுக்குச் சத்து அப்படியும் வரும்.

கெடுவது எங்கே?

சருகைக் கூட்டி எரிப்பதுதான் முதல் தவறு. தழைச்சத்து புகையோடு போய்விடும். சாம்பலில் மிஞ்சும் சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் முதல் பெருமழையில் சரிவுக்கு ஓடும். பாம்புக்குப் பயந்து எரிப்பவர்கள், நடைபாதையை மட்டும் மூன்றடி சுத்தமாக வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடலாம்.

மெதுவாக மக்கும் சருகை உழுது மண்ணுக்குள் தள்ளுவது அடுத்தது. அதை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். இளங்கன்று மஞ்சளாகும், நோய் என்று நினைத்து மருந்தடிப்பார்கள். அந்தச் சருகு மேலே கிடக்கும்வரை இந்தச் சிக்கல் இல்லை. ஏற்கெனவே உழுதுவிட்டால் கிளைரிசிடியாத் தழையையோ சாணக் கரைசலையோ உடனே சேருங்கள்.

ஒரு வருடத்தில் பலன் தெரியவில்லை என்று மரத்தை மாற்றுவது மூன்றாவது. சருகுப்பை ஆறு மாதத்தில் பேசும், மண்புழு இரண்டு மூன்று மழைக்காலத்தில் வரும். அங்ககக் கரிமம் அவ்வளவு சீக்கிரம் நகராது. ஆய்வுக்கூடத்தின் சிறு ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே ஓராண்டு மாற்றம் ஒளிந்துகொள்ளும். ஐந்தாம் ஆண்டில், அதே மாதத்தில், அதே அடையாளக் கல்லுக்கு அருகில், அதே குழாயைக் கொண்டு திரும்ப எடுங்கள். ஆகவே முதல் மாதிரி எடுத்த அன்றே கல்லை நட்டு, தேதியையும் மரத்தின் எண்ணையும் நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.